நகைக்கடை மென்பொருள்: பிஏ (பிஸ்னஸ் அனலிஸ்ட்) வேலைக்குப் புதிது, கடைக்காரரிடம் தேவைகளை எப்படிக் கேட்டு எடுப்பது?

யாழ்_புதியவள் எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். இதுவரை டெஸ்டிங் பக்கம்தான். வாடிக்கையாளரிடம் தேவைகளைக் கேட்டு டெவலப்பருக்கு எழுதிக் கொடுக்கிற எங்களுடைய பிஸ்னஸ் அனலிஸ்ட் கனடா போய்விட்டதால் அந்தப் பொறுப்பை இப்போது என்னிடம் தந்திருக்கிறார்கள். முதல் வேலையே கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்கு. பட்டணத்தில் ஒரு கடை, சுன்னாகத்தில் ஒரு கிளை.

முதலாளியுடன் மீற்றிங் வைத்தோம். நல்ல மனிதர். தேத்தண்ணி தந்து ஆறுதலாக இருந்து கதைத்தார். ஆனால் சொன்னது இவ்வளவுதான்: "பில் போடவேணும், ஸ்டொக் பாக்கவேணும், ரெண்டு கடைக் கணக்கும் என்ர போனில தெரியவேணும்." மற்றபடி நான் எதைக் கேட்டாலும் "ஓம் பிள்ளை, அதுவும் வேணும்" என்றார். அதை வைத்து நீளமாக ஒரு ஆவணம் எழுதிக் கொடுத்தோம். வாசிக்காமலே கையெழுத்து வைத்துத் தந்தார். டெவலப்பர் அண்ணா முதல் சில திரைகளைச் செய்து காட்டியபோது, "வடிவாத்தான் இருக்கு, ஆனா எங்கட கடை இப்பிடி நடக்கிறேல்லையே" என்கிறார். எப்படி நடக்கிறது என்று கேட்டால் திரும்பவும் பில், ஸ்டொக் என்றுதான் வருகிறது.

மீற்றிங்கில் என்ன கேள்வி கேட்கவேண்டும்? எதை, எவ்வளவு விரிவாக எழுதவேண்டும்? ஏதாவது கோர்ஸ் செய்தால் இது சரிவருமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

கொண்டாவில்_அக்கா பதில்:

தங்கச்சி, உங்கள் முதலாளி எதையும் மறைக்கவில்லை. வருடக்கணக்காக ஒரே கடையில் நிற்கிற ஒருவருக்குத் தன் வேலையை வாயால் சொல்வது மிகக் கடினம். எல்லாம் கைப்பழக்கமாகிப் போயிருக்கும். நீங்கள் கேட்கும்போது அவர் நினைவுக்கு வருவது கடையின் பெரிய தலைப்புகள் மட்டும்தான்.

அதனால் இன்னொரு மீற்றிங் வைக்காதீர்கள். கடைக்குப் போய் இருங்கள். நான் கொழும்பில் வங்கி, காப்புறுதி மென்பொருள்களுக்கு பிஏயாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவள். இங்கே நகைக்கடை ஒன்றுக்கும் செய்திருக்கிறேன், ஆகவே உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலாளியிடம் அனுமதி கேட்டு, கசியருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருங்கள். மடிக்கணினி வேண்டாம், கொப்பியும் பேனையும் போதும். கணினியைத் திறந்தால் கடைப்பிள்ளைகள் பரிசோதனைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து காட்டத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது வழமையான நாள். யார் எதைக் கையில் எடுக்கிறார், எதில் எழுதுகிறார், எழுதிய தாள் பிறகு எங்கே போகிறது, இந்த மூன்றையும் மட்டும் பாருங்கள். தாளின் பின்னால் போங்கள். அதுதான் எங்கள் வேலையில் முதல் நுட்பம்.

நான் பார்த்த கடையில் இப்படி நடந்தது. ஒரு அம்மா அட்டியல் ஒன்றைத் தெரிவு செய்கிறார். விற்பனைப்பிள்ளை அதைத் தராசில் வைத்து ஒரு துண்டுத் தாளில் மொத்த நிறை, கல் நிறை, கல் கழித்த நிறை, சேதாரம், செய்கூலி என்று வரிசையாக எழுதுகிறார். துண்டு கசியரிடம் போகிறது. கசியர் உள்ளே பார்த்து "இண்டைக்கு என்ன விலை?" என்று கேட்கிறார். முதலாளி போனைப் பார்த்துச் சொல்கிறார். காலையில் சொன்ன விலையும் பின்னேரம் சொன்ன விலையும் ஒன்றல்ல. காசு வாங்கிய பிறகு துண்டை ஒரு கம்பியில் குத்துகிறார்கள். கடை பூட்டும் நேரத்தில் ஒரு பிள்ளை கம்பியிலிருந்து துண்டுகளைக் கழற்றிப் பெரிய கொப்பியில் ஏற்றுகிறார்.

இதிலிருந்து என்னென்ன வந்தது பாருங்கள். விலை நாளுக்கு ஒன்று அல்ல, நேரத்துக்கு ஒன்று. அதை மாற்ற உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். அவர் கடையில் இல்லாத நாளில் என்ன செய்வது? கொப்பியில் இருக்கிற ஸ்டொக் பகல் முழுக்கப் பிழையாகத்தான் இருக்கும், அப்படியானால் "போனில ஸ்டொக் தெரியவேணும்" என்று முதலாளி கேட்பது எந்த நேரத்து ஸ்டொக்கை? இதில் ஒன்றுகூட மீற்றிங்கில் வந்திருக்காது.

பிறகு மேசை லாச்சி (இழுப்பறை). எல்லா நகைக்கடையிலும் முதலாளியின் லாச்சிக்குள் ஒரு தனிக் கொப்பி இருக்கும், நகை செய்கிற பத்தர்மாருக்குக் கொடுத்த தங்கத்தின் கணக்கு. கேளுங்கள், காட்டுவார். எந்தப் பத்தருக்கு எத்தனை கிராம் கொடுத்தது, நகையாக எவ்வளவு வந்தது, தூளாக எவ்வளவு திரும்பியது, தேய்மானம் எவ்வளவு விட்டது என்று இருக்கும். கடையின் தங்கத்தில் நல்ல ஒரு பங்கு எந்த நேரமும் பத்தர்களிடம்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு ஸ்டொக் என்று ஒரு திரை செய்தால் அந்தத் திரை காட்டுவது பாதிக் கதைதான். அதோடு கொடுக்கிற தங்கமும் வாங்கிற தங்கமும் ஒரே தரம் அல்ல. 11 பவுண் தாலிக்கொடி என்றால் 88 கிராம். அது 22 கரட் என்றால் உள்ளே இருக்கிற சுத்தத் தங்கம் 80.667 கிராம். ஆகவே அந்தக் கணக்குக்கு நிறை ஒரு நிரல், சுத்த நிறை இன்னொரு நிரல். இதை டெவலப்பருக்கு யாராவது சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய நியாயமில்லை. சொல்லவேண்டிய ஆள் நீங்கள்.

இனிக் கேள்வி கேட்பது. "வழமையாக என்ன செய்வீங்கள்?" என்று கேட்டால் சட்டப்படி எப்படி நடக்கவேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "கடைசியாக எடுத்த ஓடரின் தாளைக் காட்டுங்கோ, அதில முதல் நாளிலிருந்து என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒரு உண்மையான ஓடர், ஒரு உண்மையான தாள். ஆட்கள் அதை வைத்துக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். நான் அப்படிக் கேட்டபோது எடுத்துத் தந்த ஓடரில் முற்பணம் லண்டனில் இருக்கிற சித்தி அனுப்பியது, டிசைன் தெரிவு செய்தது தாய், எடுக்க வந்தது தமையன். மூன்று பேர், ஒரு ஓடர். எங்கள் திரையில் "வாடிக்கையாளர் பெயர்" என்று ஒரே ஒரு பெட்டி. பணம் கட்டியவர் யார், மிச்சம் கேட்க யாருக்குப் போன் எடுப்பது, நகையை யாரிடம் கொடுக்கலாம் என்று மூன்றாகப் பிரிக்கவேண்டி இருந்தது. வெளிநாட்டுக் காசு வருகிற எங்கள் ஊரில் இது எப்போதாவது நடக்கிற விசயம் அல்ல.

அடுத்த கேள்வி, "இது குழம்பினது எப்ப?" கலியாணம் நின்றுபோனால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா, நகையாகத்தான் கொடுப்பார்களா? பத்தர் பிந்தினால்? தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கல் சடங்குக்கு நாள் வைத்துவிட்டால் அந்தத் திகதி அசையாது, தாலி ஓடருக்கும் மற்ற ஓடருக்கும் ஒரே மாதிரி "எதிர்பார்க்கும் திகதி" போட்டால் போதாது. தாலிக்கொடி பலர் ஒற்றை எண்ணில்தான் கேட்பார்கள், 9, 11, 13 பவுண் என்று. 11 பவுண் கேட்டு, செய்து வந்தது 88.340 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வசதியாகப் பவுண் 2 இலட்சம் என்றால் அந்த 0.340 கிராம் 8,500 ரூபா. அதை யார் கட்டுவது? எவ்வளவு வரைக்கும் கடை பொறுக்கும்? முதலாளி இதற்கு உடனே பதில் சொல்வார், ஏனென்றால் மாதாமாதம் அவர் முகம் கொடுக்கிற பிரச்சினை அது.

இனி எழுதுவது. நீளமான ஆவணத்தை முதலாளி வாசிக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், எந்த முதலாளியும் வாசிக்கமாட்டார். அவருக்கு எழுதவேண்டியது எண்ணும் காசும் உள்ள உதாரணம். நான் மிகவும் நம்புகிற முறை இதுதான், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

5 பவுணுக்கு ஒரு ஓடர். ஓடர் கொடுத்த நாளில் பவுண் 2 இலட்சம். வாடிக்கையாளர் 5 இலட்சம் முற்பணம் கட்டினார். எடுக்க வந்த நாளில் பவுண் 2 இலட்சத்து 20 ஆயிரம். சேதாரத்தையும் கூலியையும் இப்போதைக்கு விடுங்கள். மிச்சம் எவ்வளவு வாங்குவது?

ஓடர் நாள் விலையே முழுவதற்கும் என்றால் மிச்சம் 5 இலட்சம். கட்டிய காசுக்கு உரிய இரண்டரைப் பவுண் மட்டும் பழைய விலை, மற்ற இரண்டரைக்கு இன்றைய விலை என்றால் 5 இலட்சத்து 50 ஆயிரம். முழுவதற்கும் இன்றைய விலை என்றால் 6 இலட்சம். மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதி முதலாளியின் முன் வைத்து, "ஐயா, உங்கட கடையில எது?" என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டுவார். காட்டிய பிறகு விடாதீர்கள். "விலை 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கினாலும் இதுதானோ?" என்று கேளுங்கள். அதே மூன்று வழியில் மிச்சம் 5 இலட்சம், 4 இலட்சத்து 50 ஆயிரம், 4 இலட்சம் என்று வரும். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி என்று வைத்திருக்கிற கடைகள் உண்டு. முழுக்காசும் முன்னமே கட்டினால்? பத்தில் ஒரு பங்குதான் கட்டினால்? சொந்தக்காரர் என்றால்? ஒவ்வொன்றும் ஒரு வரி. அதை அட்டவணையாகப் போட்டால் அதுதான் டிசிஷன் டேபிள். பக்கம் பக்கமாக எழுதுகிற பந்திகளை விட அந்த ஒரு தாள் பெறுமதியானது, ஏனென்றால் முதலாளிக்கும் விளங்கும், டெவலப்பர் அப்படியே கோட் ஆக எழுதலாம், டெஸ்டர் ஒவ்வொரு வரியையும் ஒரு டெஸ்ட் கேஸ் ஆக்கலாம். நீங்கள் டெஸ்டிங்கிலிருந்து வந்தவர், இந்த இடத்தில் உங்களுக்கு மற்றவர்களை விடக் கை கூட ஓடும்.

யூசர் ஸ்டோரி (பாவிப்பவர் பக்கத்திலிருந்து எழுதுகிற தேவை), அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா (அது சரியாக வந்ததா என்று பார்க்கிற நிபந்தனை) எல்லாம் இதற்குப் பிறகுதான். "முற்பணம் 5 இலட்சம் கட்டிய 5 பவுண் ஓடர் இருக்கும்போது, விலை 2 இலட்சத்து 20 ஆயிரமாக உள்ள நாளில் நகையை எடுத்தால், மிச்சம் 5 இலட்சத்து 50 ஆயிரம் என்று காட்டவேண்டும்." இப்படி எண்ணோடு எழுதுங்கள். "முற்பணம் சரியாகக் கணக்கிடப்படவேண்டும்" என்று எழுதினால் அதை யாரும் பரிசோதிக்க முடியாது.

கடைக்குப் போய் வந்த அன்றிரவே, முடிவான விசயங்களை மட்டும் தமிழில் எழுதி முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் அடுத்த நாள் போன் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். காசு சம்பந்தப்பட்ட வரியை இரண்டு தரம் வாசியுங்கள். பிறகு அவர் மனம் மாறினால் மாறட்டும், அது அவருடைய கடை. ஆனால் எந்தத் திகதியில் என்ன முடிவு இருந்தது, யார் மாற்றினார் என்று உங்களிடம் ஒரு தாள் இருக்கவேண்டும். அதை எக்ஸெல்லிலேயே வைத்திருக்கலாம்.

---

கோட்_எழுதுபவன் பதில்:

சாவகச்சேரியிலிருந்து எழுதுகிறேன். டெவலப்பர் பக்கத்தில் நின்று சில விசயங்கள். அக்கா சொன்ன அட்டவணை கிடைத்தால் எங்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை என்றே சொல்லலாம். ஆனால் தரவு விசயத்தில் எங்கள் நாட்டுக்கென்று சில இருக்கின்றன, அவை தேவைப் பட்டியலில் வராமல் கடைசியில் எங்கள் தலையில் வந்து விழும்.

அடையாள அட்டை இலக்கம். பழைய நகை மாற்றும்போது கடையில் அதை எழுதுவார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கம், எழுத்து இல்லை. ஒரே ஆள் பழைய அட்டையோடு ஒருமுறை, புதிய அட்டையோடு ஒருமுறை வந்தால் சிஸ்டத்தில் இரண்டு வாடிக்கையாளர் ஆகிவிடுவார். பழையதைப் புதியதாக மாற்றலாம்: முன்னால் 19 சேர்த்து, வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் காட்டும் மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போட்டு, எழுத்தை விட்டால் சரி. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். இன்னொன்று, எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் அந்த நாள் எண் வருகிறது, மார்ச் 1 என்றால் எப்போதும் 61. இது தெரியாமல் எழுதினால் பாதிப் பேருடைய பிறந்த திகதி ஒரு நாள் தள்ளிப் போகும். இவ்வளவையும் பிஏ ஒரு பந்தியில் எழுதித் தந்தால் நான் கும்பிட்டு வாங்குவேன்.

பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி கேட்டு எழுதாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு முன்னெழுத்தும் பெயரும்தான், பெண்களுக்கு கலியாணத்துக்குப் பிறகு அந்த முன்னெழுத்தும் மாறலாம். முன்னெழுத்து ஒரு பெட்டி, பெயர் ஒரு பெட்டி, போன் நம்பரை வைத்துத் தேடல்.

பழைய எக்ஸெல் கோப்பு கட்டாயம் இருக்கும், அதில் நகைகளின் பெயர் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை அப்படியே தரவுத்தளத்தில் போட்டால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதைக் கடைப்பிள்ளை ஒருவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். அந்த வேலைக்கு நாள் ஒதுக்க வேண்டும் என்று முதலே எழுதுங்கள். பில் அடிக்கிற தேர்மல் பிரின்டரையும் போய்ப் பாருங்கள். அநேகமானவற்றுக்குத் தமிழ் நேரடியாக வராது, பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்பவேண்டும். அதற்கும் வேலை இருக்கிறது.

மாறக்கூடிய எந்த வீதத்தையும் திகதியோடு கேட்டு எழுதுங்கள். இதற்கு வற் வரியை விட நல்ல உதாரணம் இல்லை. 2019 டிசம்பரில் 15 இலிருந்து 8 வீதமானது, 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியிலிருந்து 18. வீதத்தை ஒரே ஒரு இடத்தில் ஒரே எண்ணாக வைத்த மென்பொருள்களில், பழைய பில்லைத் திரும்ப அடித்தால் புதிய வீதத்தோடு வரும். தங்க விலை, சேதார வீதம், செய்கூலி எல்லாமே அதே சாதிதான். "எந்தத் திகதி, எந்த நேரம் முதல்" என்று ஒரு நிரல் இருக்கவேண்டும்.

கடைசியாக, மின்சாரமோ இணையமோ நின்றால் பில் போட வழி வேண்டுமா என்று முதலாளியிடம் இப்போதே கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து நாங்கள் கட்டுகிற முறையே மாறும். எல்லாம் முடிந்த பிறகு அதைக் கேட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

---

ஸ்காபரோ_வாசி பதில்:

நான் யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது கனடாவில் பிஏயாக இருக்கிறேன். கோர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

ஐஐபிஏ என்ற, பிஸ்னஸ் அனலிஸ்ட்களுக்கான சர்வதேச அமைப்பின் சேர்டிபிகேட்தான் இங்கே அதிகம் கேட்பார்கள். அந்த அமைப்பு 2003 இல் டொரன்டோவில் தொடங்கியது. ஆரம்ப நிலைக்கு இசிபிஏ, அதற்கு அனுபவம் தேவையில்லை. மேல்நிலை சிபிஏபி, அதற்குக் கடந்த 10 வருடத்துக்குள் 7,500 மணித்தியால வேலை அனுபவம் காட்டவேண்டும், ஆகவே இப்போதைக்கு அதை யோசிக்கவேண்டாம். பரீட்சைக்கட்டணம் டொலரில் என்பதால் இலங்கைச் சம்பளத்துக்கு அது சின்னக் காசு அல்ல. இந்த நகைக்கடை வேலையை முடித்துவிட்டுப் படித்தால் புத்தகத்தில் இருப்பது எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும், பாடமாக்கத் தேவைப்படாது.

அதற்கு முன், தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கப் பாவிக்கிற மொழியான எஸ்கியூஎல் கொஞ்சம் படியுங்கள். இரண்டு அட்டவணையை இணைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். "இந்த மாதிரி ஓடர் எத்தனை இருக்கிறது?" என்று யாரையும் கேட்காமல் நீங்களே பார்க்க முடிந்தால் உங்கள் சொல்லுக்கு மீற்றிங்கில் ஒரு பலம் வரும். படம் போட டிரோ டொட் ஐஓ இலவசம், வேலைகளைக் குறிக்க உங்கள் கொம்பனி எதைப் பாவிக்கிறதோ அது. கருவியில் நேரம் செலவழிக்காதீர்கள்.

---

யாழ்_புதியவள் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னமாதிரி கடையில் போய் இருந்தேன். லாச்சிக் கொப்பி உண்மையிலேயே இருந்தது! முதலாளி தயங்காமல் காட்டினார். ஒவ்வொரு பத்தருக்கும் ஒவ்வொரு தேய்மான அளவு விடுகிறார், அது கொப்பியிலும் இல்லை, அவருடைய தலைக்குள்தான் இருக்கிறது. சுன்னாகக் கிளையிலிருந்து பட்டணத்துக்கு நகையை மாற்றும்போது ஒரு துண்டும் எழுதுவதில்லை, போனில் சொல்வதோடு சரி. மூன்று பதில் உள்ள தாளையும் வைத்துக் கேட்டேன். நடுவில் உள்ள பதிலில் விரலை வைத்தார், விலை இறங்கினாலும் அதுதான் என்றார். பக்கத்தில் நின்ற கசியர் "இல்லை ஐயா, போன கிழமை முழுக்க இண்டைய விலைதானே போட்டனாங்கள்" என்று சொல்ல, இரண்டு பேரும் அதைப் பற்றிக் கனநேரம் கதைத்தார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இப்போது வேறு பிரச்சினை. இவ்வளவையும் பட்டியலாக்கினால் மிக நீண்டுவிட்டது. எது முதலில் என்று கேட்டால் "எல்லாம் முக்கியந்தான் பிள்ளை" என்கிறார். இதை எப்படிச் சமாளிப்பது? கசியர் சொன்னதையும் முதலாளி சொன்னதையும் என்ன செய்வது?

---

கொண்டாவில்_அக்கா பதில்:

மிகவும் சந்தோசம் தங்கச்சி. அந்த இரண்டு பேரும் உங்களுக்கு முன்னால் நின்று கதைத்தார்களே, அதற்காகத்தான் தாளை வைக்கச் சொன்னேன். இந்த முரண் மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு வெளியே வந்திருந்தால் பழி உங்கள் கொம்பனியில் விழுந்திருக்கும்.

முதலில் அதை முடியுங்கள். கசியர் பிழை விட்டார் என்ற மாதிரி எழுதிவிடாதீர்கள், அவர்தான் உங்களுக்குக் கடைசிவரை உண்மை சொல்லப்போகிறவர். அண்மைய ஓடர்த் துண்டுகளை எடுத்து, எந்த விலை போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி, "இதுவரை இப்படிப் போயிருக்கு, இனி எது?" என்று மட்டும் கேளுங்கள். முடிவு முதலாளியுடையது. கசியருக்கு விலையை மாற்ற அனுமதி உண்டா, உண்டென்றால் காரணம் எழுதவேண்டுமா என்பதையும் அதே நேரத்தில் கேட்டு எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முக்கியம் என்பதற்கு: முக்கியமா என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். கட்டாயம் வேண்டும், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது இல்லை என்று நான்காகப் பிரிக்கிற மொஸ்கோ முறை ஒன்று இருக்கிறது, 1994 இல் ஒராக்கிளில் வேலை செய்த டாய் கிளெக் வகுத்தது. நல்ல முறைதான். ஆனால் கடைக்காரரிடம் அதை அப்படியே கொண்டுபோனால் எல்லாம் "கட்டாயம்" பக்கத்துக்குப் போய்விடும். நான் செய்வது வேறு. ஒவ்வொரு வேலையையும் ஒரு அட்டையில் தமிழில் எழுதி, அதன் மூலையில் டெவலப்பர் சொன்ன நாட்கணக்கைப் போடுவேன். மேசையில் பரப்பிவிட்டு இரண்டு கேள்வி. "இது இல்லாட்டி அடுத்த நாள் கடை திறக்கேலாதது எது?" "இன்னும் ஒரு மாதம் கொப்பியில எழுதினால் தாங்கக்கூடியது எது?" இந்த இரண்டாவது கேள்விக்கு அவர்கள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள், ஏனென்றால் அந்தக் கொப்பி அவர்களுக்குப் பழகியது, நம்பிக்கையானது. முதல் கட்டத்துக்கு எத்தனை நாள் என்று முதலே சொல்லிவிடுங்கள். அட்டைகளின் நாட்கள் கூடிக்கொண்டு வந்து அந்த எண்ணைத் தொட்டதும் அவரே ஒன்றைத் திரும்ப எடுத்து வைப்பார்.

என் கணிப்பைக் கேட்டால், விலை மாற்றுவது, துண்டும் பில்லும், ஓடர் முற்பணம், கிளைக்குக் கிளை நகை மாற்றுவது ஆகியவை முதல் கட்டத்தில் வரவேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் இரண்டு கடை ஸ்டொக்கும் ஒருநாளும் சரிவராது. பத்தர் கணக்கு இரண்டாம் கட்டம், அது கொப்பியில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேய்மான அளவுகளை மட்டும் இப்போதே அவர் தலையிலிருந்து தாளுக்கு எடுத்துவிடுங்கள். போனில் கணக்குப் பார்ப்பது டெவலப்பர் கண்ணுக்குக் கடைசி வேலையாகத் தெரியும், ஆனால் காசு கட்டுகிற மனிதர் முதல் மீற்றிங்கிலேயே வாயால் கேட்டது அது. பெரிய திரை எதுவும் வேண்டாம், கடை பூட்டும்போது இரண்டு கடையின் மொத்த விற்பனை, வாங்கிய முற்பணம், மீதி நிறை என்று ஒரு குறுஞ்செய்தி போகட்டும். முதல் கட்டத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லி நான் வாதாடுவேன்.

தொடங்கும் திகதியையும் நீங்களே முன்மொழியுங்கள். கலியாண மாதத்தில் ஒரு நகைக்கடையைப் புதிய மென்பொருளுக்கு மாற்றக்கூடாது. ஆடியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைக்கமாட்டார்கள், கடையில் ஆறுதல் இருக்கும், பிள்ளைகளுக்குப் பழக்கவும் நேரம் கிடைக்கும். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறிவிட்டால் 25 நாளும் பட்டணம் நெருக்கடிதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு கொஞ்ச நாளைக்குக் கொப்பியும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். மாலையில் இரண்டு கணக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்கிற ஆள் யார் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் அதை ஒருவரும் செய்யமாட்டார்கள்.

விலை அட்டவணையை முடித்ததும், கடையின் பெயரை மறைத்துவிட்டு அதன் படத்தை இங்கே போடுங்கள். பழைய நகை மாற்றும்போது முதலாளி உரைத்துப் பார்த்துச் சொல்கிற மாற்று (தங்கத்தின் தரம்) அதில் எந்த நிரலில் வருகிறது என்று எனக்குப் பார்க்கவேண்டும்.